மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன சாட்சியம்

விபத்து நடந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று, என்னிடம் தொழில் பழகும் இளம் வழக்கறிஞர்களான உங்களில் ஒருவர் அண்மையில் கேட்டார். அன்று எனக்குக் களைப்பாக இருந்தது. சுருக்கமாக விடை சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன விடையில் பிழை இல்லை. காயம்பட்டவரை அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே ‘தவறி விழுந்தார்’ என்று எழுதிவிடாமல், எந்த வண்டி மோதியது என்பதை எழுதச் சொல்ல வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும். நம் புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் சாலை ஒரு வளைவு திரும்பினால் தமிழ்நாடு வந்துவிடும் என்பதால் எந்த நிலையம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லாரிக்காரர் பழத்தட்டோடு வந்து நீட்டும் வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது. இவற்றையெல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம்.

இவை அத்தனையையும் ஒழுங்காகச் செய்திருந்த ஒரு குடும்பத்தின் வழக்கு, என் கையில் இருந்தபோதே ஏறக்குறைய நழுவிப் போயிற்று. அதைப் பற்றி அன்று நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள், இதில் எங்கும் சட்டப்பிரிவு வராது.

நம் கொம்யூன் கிராமங்களில், உடல்நலம் விசாரிப்பவருக்கு உண்மையைச் சொல்லும் வழக்கம் கிடையாது. மணமாகாத பெண் இருக்கும் வீட்டில் இது இன்னும் கடுமையாகக் கடைப்பிடிக்கப்படும். அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் என்பதுகூட அடுத்த தெருவுக்குத் தெரியக் கூடாது. இதைப் பொய் என்று அங்கே எவரும் கருதுவதில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயை உள்ளே சுருட்டி வைப்பதைப் போன்ற ஒரு காரியம் அது. அண்டை வீட்டாருக்கும் அதில் பங்குண்டு. பெண் பார்க்க வருகிறவர் தெருமுனையில் நின்று விசாரித்தால், நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது அந்தத் தெருவின் பொறுப்பு. நாம் நடத்தும் வழக்கோ இதற்கு நேர் மாறான ஒன்றைக் கேட்கிறது. இழந்ததை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்கிறது. மிச்சம் மீதி இல்லாமல் காட்டச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் எப்படி நிற்பாள் என்பதை நான் பூங்காவனத்திடம்தான் பார்த்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். கரியமாணிக்கத்தை அடுத்த ஒரு சிற்றூர். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்க, சாலை முழுவதையும் தமதாக்கிக்கொண்டு போகும். நடந்து போகிறவர்கள் வரப்பில் இறங்கி வழிவிடுவார்கள். பூங்காவனம் அன்று ஒரு மதகின் மேல் நடந்துகொண்டிருந்தாள், தலையில் புல்லுக்கட்டு இருந்தது, இறங்குவதற்கு இடமில்லை. நீட்டிக்கொண்டிருந்த கரும்பு அவளை இழுத்து மதகுக் கட்டையின் மேல் எறிந்தது. வலது தோள்பட்டையும் முழங்கையும் நொறுங்கின. லாரி நிற்கவில்லை.

அந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், சரக்கு ஏற்றிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். அவர்தாம் லாரியின் எண்ணைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டவர். அரிசி மூட்டைகளைச் சாலையோரம் இறக்கிவிட்டு அதே வண்டியில் அவளைப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவரும், காவல் நிலையத்துக்குத் தாயை அழைத்துப்போனவரும் அவரே. அந்த மதகில் நடந்ததைக் கண்ட ஒரே சாட்சி அவர்.

தாய் முனியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்; கணவர் இல்லை. மகளை அழைத்துக்கொண்டு முதன்முதலாக என் அலுவலகத்துக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெண்ணின் முந்தானை வலது தோளைச் சுற்றி இழுத்துச் செருகப்பட்டிருந்தது.

“கை எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதும்மா. கட்டுப் பிரிச்சாச்சு. எங்க பொண்ணுக்கு இன்னா கொறைச்சல்?” என்றார் முனியம்மாள்.

“நல்லா இருந்தா கேஸ் எதுக்கும்மா?”

விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “வெளிய கேட்டா நல்லா இருக்குது. கேசுக்குத்தான் நல்லா இல்ல.”

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எனக்குக் கையைக் காட்டினாள். மார்பளவுக்கு மேல் அது எழும்பவில்லை. விரல்கள் எதையும் இறுகப் பற்றவில்லை. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் போய்க்கொண்டிருந்த பெண். இரண்டுக்கும் அந்தக் கைதான் வேண்டும்.

வழக்குப் போட்டோம். மற்ற வழக்குகளைப் போல அதுவும் வாய்தாக்களில் நகர்ந்தது. இடையில் ஒரு நாள் முனியம்மாள் மட்டும் வந்தார், முகம் மலர்ந்திருந்தது. திருக்கனூரிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்துவிட்டுப் போனாராம். மாப்பிள்ளைக்கு நெல் வியாபாரமாம். வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமனாம். “நல்ல மாதிரிம்மா. தெரு பூரா விசாரிச்சிட்டு, ரெண்டு நாளு முன்னாலயே சொல்லி அனுப்பிட்டுதான் வூட்டுக்கே வந்தாரு. பூங்கா கையாலயே தண்ணி வாங்கிக் குடிச்சாரு. இருந்து சாப்பிட்டாரு. ஜாதகம் வாங்கினு போயிருக்காரு.” ஏம்பலத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள், ‘கை சரியாகிவிட்டது’ என்று இவர்கள் சொன்னதை அவர்கள் நம்பியிருந்தார்கள். இப்போது திருக்கனூர் வந்துவிட்டதால், ஏம்பலத்தாரை ஆவணி வரை பொறுக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். வழக்கைப் பற்றி அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை.

சாட்சி விசாரணை தொடங்கிய நாள். காலையில் முதலில் மருத்துவர் சாட்சி சொன்னார். அடுத்துப் பாய் கூண்டில் ஏறி, மதகில் நடந்ததைத் தெளிவாகச் சொல்லி இறங்கினார். அவரைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பிற்பகலுக்கு ஒத்திவைத்துவிட்டு, நீதிபதி வேறொரு வழக்கை எடுத்தார். நான் தாழ்வாரத்துக்கு வந்தபோது, முனியம்மாள் மகளைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“கெட்டுது போங்க, வக்கீலம்மா! திருக்கனூர்க்காரரு வந்து உக்காந்துக்கினு இருக்காரு. கேசு போட்டது அவருக்குத் தெரியாது. இவள எங்கியாவது உள்ள உக்கார வைங்க.”

அவர் கண்காட்டிய திசையில் பார்த்தேன். இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்குப் பக்கத்தில், விசிப்பலகையில், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரர்களுக்காக ஊர் ஊராகப் போய் விசாரித்து அறிக்கை எழுதிக் கொடுப்பவர். வேறு சில வழக்குகளில் அவரை நானே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்.

சில செய்திகளைச் சுற்றி வளைத்துச் சொன்னால் வலி கூடுமே தவிரக் குறையாது. “அம்மா, அவரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் இல்ல. லாரி இன்சூரன்ஸ்காரங்க அனுப்புன ஆளு. கை உண்மையிலேயே கெட்டுப்போச்சான்னு பார்க்க உங்க வீட்டுக்கு வந்திருக்காரு,” என்றேன்.

முனியம்மாளுக்கு அது உடனே உள்ளே இறங்கவில்லை. “இன்னாம்மா சொல்றீங்க? ஜாதகம் வாங்கினு பூட்டாரே!” என்றார்.

தூணுக்குப் பின்னாலிருந்து பூங்காவனத்தின் குரல் வந்தது. “எனக்கு அப்பவே சந்தேகந்தான். பொண்ணு பாக்க வர்றவன் மூஞ்சியப் பாப்பான். இந்தாளு கையவே பாத்துக்கினு இருந்தான்.”

“அத அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?”

“சொன்னா நீ நம்பப்போறியா? அதிரசத்துக்கு மாவு இடிச்சிக்கினு இருந்த.”

முனியம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேராக அந்த விசிப்பலகைக்குப் போய் நின்றார். நான் தடுக்கவில்லை.

“இன்னா சம்பந்தி, சௌக்கியமா? அதிரசம் கட்டிக் குடுத்தனே, புள்ளைங்க தின்னுதுங்களா?”

அவர் எழுந்துவிட்டார். “என் வேலைம்மா அது. தப்பா நெனைக்காதீங்க,” என்றார். உண்மையில் அவர் முகம் வெளிறித்தான் இருந்தது.

“வேலைதான், யார் இல்லன்னா? ஜாதகத்தயாவது திருப்பிக் குடு. அத வச்சிக்கினு லாரிக்கா பொருத்தம் பாக்கப் போற?”

தாழ்வாரத்தில் சிலர் சிரித்தார்கள். முனியம்மாள் திரும்பி வந்து, தூணோரம் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைத் தனியே அழைத்தார். நேர்மையானவர், என்னிடம் எதையும் மறைத்தவரல்லர். அறிக்கையை என் கையில் கொடுத்தார். பெண் வலது கையால் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அதில் இருந்தது. நடவு, அறுவடை எல்லாவற்றுக்கும் போகிறாள் என்று தாயே சொன்னார் என்றும் இருந்தது. கடைக்காரர் சொன்னதாக அடுத்த வரி: ‘ஒற்றைக் கையால் அரிசி மூட்டையை இழுத்துப் போடும் பெண்.’

“இதைக் குறுக்கு விசாரணையில் போட்டால் கடைக்காரர் சாட்சியம் நிற்காதும்மா. கையைப் பற்றிப் பொய் சொன்னவர், லாரியைப் பற்றி மட்டும் உண்மை சொன்னாரா என்று கேட்பேன். கேட்காமல் இருக்க முடியாது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மருத்துவச் செலவுக்குச் சற்று மேலே போட்டு முடித்துக்கொள்வோம். இனி யாரும் கூண்டில் ஏற வேண்டாம். பெண்ணின் பெயரும் வெளியே வராது. மதிய இடைவேளைக்குள் சொல்லுங்கள்,” என்றார்.

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். இப்படி ஓர் இடைவேளை உங்கள் எல்லோருக்கும் வரும். அப்போது உங்களுக்கென்று ஓர் எண்ணம் முன்கூட்டியே இருக்கும். எனக்கும் இருந்தது: வழக்கை நடத்த வேண்டும் என்ற எண்ணம். அது வழக்கறிஞரின் எண்ணம். மாலையில் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்; அந்தத் தெருவில் நாளை முதல் இருக்கப்போகிறவள் அவள். நம் கட்சிக்காரரை நம் எண்ணத்தின் பக்கம் இழுப்பதற்கு நமக்கு நூறு வழிகள் தெரியும். அவற்றில் எதையும் எடுக்காமல், இரண்டு வழிகளையும் ஒரே குரலில் எடுத்துச் சொல்வதுதான் அன்று எனக்கிருந்த வேலை. நம் தொழிலில் அதைவிடக் கடினமான வேலை வேறொன்று எனக்குத் தெரியாது.

தாழ்வாரத்தின் கோடியில் மூவரும் உட்கார்ந்தோம். ராஜியாகப் போனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொன்னேன். நடத்தினால் என்ன கிடைக்கக் கூடும், எது போய்விடக் கூடும் என்றும் சொன்னேன்.

“முடிச்சிடலாம்மா,” என்றார் முனியம்மாள். “கடனாவது அடையும். ஏம்பலத்துக்காரங்களாவது மிஞ்சுவாங்க. இவ சாட்சி சொன்னா சாயங்கால பஸ்சுலயே சேதி ஏம்பலத்துல எறங்கிடும்.”

அவர் சொன்னதில் தவறில்லை. நான் பூங்காவனத்தைப் பார்த்தேன். அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

“கையத் தூக்கிக் காட்டச் சொல்வாங்களா?”

“சொல்லுவாங்க. அவங்க சொல்லாட்டி நானே சொல்லுவேன்.”

“எல்லார் முன்னாலயுமா?”

“எல்லார் முன்னாலயுந்தான்.”

அவள் தாயார் அவிழ்த்து வைத்த சோற்றுப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்தாள். பிறகு தாயைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அந்தாளுக்குத் தண்ணி குடுத்தப்ப எப்பிடிம்மா நின்னன்? முழங்கைய இடுப்போட ஒட்டிக்கினு, தலையக் குனிஞ்சிக்கினு. செம்பு ஆடாம இருக்கணுமின்னு ரெண்டு நாளா பழக்கப்படுத்துன. பாத்தவன் வெக்கப்படுதுன்னு நெனைச்சிக்கினான். ஏம்பலத்துல போயி எத்தினி நாளைக்கு வெக்கப்பட்டுக்கினே இருக்க முடியும்? மூணாம் நாளு பரண் மேல இருக்கிறத எடுன்னுவாங்க.”

“மெதுவா சொல்லிக்கலாம்டி. கல்யாணம் ஆனவுடனே தொரத்திடுவாங்களா?”

“தொரத்தமாட்டாங்க. வச்சிக்கினு பேசுவாங்க.”

முனியம்மாள் சோற்றுப் பொட்டலத்தை மறுபடி மடித்துக் கட்டினார். பூங்காவனம் என்னிடம் திரும்பி, “நடத்துங்கம்மா,” என்றாள்.

பிற்பகல் பாய் மறுபடி கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்காரரைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

“இவர் உங்கள் கடைக்கு வந்தாரா?”

“வந்தாரு. கலர் சோடா வாங்கிக் குடிச்சாரு.”

“அந்தப் பெண் ஒற்றைக் கையால் அரிசி மூட்டையை இழுத்துப் போடுவாள் என்று சொன்னீர்களா, இல்லையா?”

“சொன்னன்.”

“அது உண்மையா?”

“இல்லீங்க. அந்த மூட்டைய என்னாலயே ஒத்தக் கையில இழுக்க முடியாது.”

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. வழக்கறிஞர் விடவில்லை. “அப்படியானால் நீங்கள் பொய் சொல்லக் கூடியவர்.”

பாய் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நீதிபதியின் பக்கம் திரும்பினார். “அய்யா, இவுரு கடைக்கு வந்து, பொண்ணு பாக்க வந்திருக்கோம், பொண்ணு எப்பிடின்னு கேட்டாரு. லாரி மோதிச்சே, கை எப்பிடி இருக்குதுன்னு கேட்டிருந்தா உள்ளத சொல்லியிருப்பன். பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட வேற இன்னாங்க சொல்றது? எங்க தெருவுல எந்தப் பொண்ணக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. நாளைக்கு யாராச்சும் வந்து முனியம்மாகிட்ட கேட்டா, அதுவும் அப்பிடித்தான் சொல்லும்.”

நீதிபதி எழுதிக்கொண்டார். பாய் சொன்னது நியாயமாகவே எனக்குப் பட்டது. நீதிபதிக்கும் அப்படிப் பட்டதா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. சாட்சி ஒருமுறை பொய் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டார். அது காகிதத்தில் ஏறிவிட்டது. இனி எல்லாம் அந்தப் பெண்ணைப் பொறுத்தது.

பூங்காவனம் கூண்டில் ஏறினாள். நான் அதிகமாகக் கேட்கவில்லை. நீங்களும் இதை நினைவில் வையுங்கள்: வலியை விவரிக்கச் சொல்லாதீர்கள். மற்றவர் எதிரில் தம் வலியை விவரிக்கும் எவருடைய குரலும் அவருக்கே அந்நியமாக ஒலிக்கும். கேட்பவர் ஐயப்படத் தொடங்குவார்.

“இவருக்கு எப்படித் தண்ணி குடுத்தேன்னு அய்யாவுக்குக் காட்டும்மா,” என்றேன்.

குமாஸ்தா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் இடது கையால் வாங்கி, வலது கைக்கு மாற்றி, முழங்கையை இடுப்போடு சேர்த்து, தலையைக் குனிந்து நின்றாள். பெண் பார்க்க வந்தவர் எதிரில் நிற்கும் எந்தப் பெண்ணும் அப்படித்தான் நிற்பாள். செம்பு ஆடவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கூட ஒரு கணம், தான் வென்றுவிட்டதாக நினைத்திருப்பார்.

“உன் தலைய யாரு வாருறாங்க?” என்று கேட்டேன்.

“எங்க அம்மா.”

“ஏன்?”

அவள் செம்பைக் கட்டையின் மேல் வைத்தாள். தோளைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். வலது கையைத் தூக்க முயன்றாள். அது மார்பு வரை வந்து நின்றது, மேலே போகவில்லை. அவள் விடவில்லை. உடம்பையே ஒருபுறமாகச் சாய்த்து, தோளை எக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். கை நடுங்கிற்று. முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டிற்று. அது அழுகையன்று, முயற்சி.

“போதும்மா,” என்றார் நீதிபதி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். கேட்கக் கூடிய கேள்விகள் அவரிடம் இருந்தன. கேட்கவில்லை. நம் தொழிலில் ஒருவரை மதிப்பதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் தேவைப்பட்டதில்லை.

அன்று மாலைப் பேருந்தில் செய்தி போய்விட்டது. ஏம்பலத்திலிருந்து மறுப்பு என்று எதுவும் வரவில்லை. இந்த ஆண்டு வீட்டில் ஒரு தடங்கல், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது முனியம்மாளுக்குத் தெரியும். அவர் என்மீது வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் என் அலுவலகத்துக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வாசலிலேயே நின்று, வாய்தா நாளைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கடைக்காரர் சொன்னதை நம்புவதாக நீதிபதி எழுதியிருந்தார். பெண்ணின் வலது கை நிரந்தரமாகப் பயன் குன்றியது என்றும் எழுதியிருந்தார். ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்காக நாம் எத்தனை வழக்குகளில் போராடியிருக்கிறோம்! அது வந்தால்தான் தொகை கூடும். அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் கற்றுத்தருவதில்லை.

தொகையைப் பெறுவதற்கு, அவள் தனியாகவே வந்தாள். தாய்க்குக் களையெடுப்பு வேலை. நான் தீர்ப்பை முழுவதும் படித்துப் பொருள் சொன்னேன். அந்தச் சொல் வந்த இடத்தில் என் குரல் சற்று வேகமாகக் கடந்திருக்க வேண்டும், அவள் கவனித்துவிட்டாள்.

“அங்க இன்னாம்மா எழுதியிருக்குது?”

சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அந்த இன்சூரன்ஸ் ஆளுங்க இன்னமும் வருவாங்களாம்மா, வேற எதுனா சொல்லிக்கினு?”

“எதுக்கு வரப்போறாங்க? எல்லாம் முடிஞ்சு போச்சே.”

“குடுத்தத திருப்பிக் கேக்க?”

“ஏன் கேக்கப்போறாங்க?”

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சுவரோரம் போய் நின்று, வலது கையின் விரல்களைச் சுவரில் பதித்து, எறும்பு ஊர்வதுபோல் ஒவ்வொன்றாக மேலே நகர்த்தினாள். மார்பைத் தாண்டிற்று. தோளைத் தாண்டிற்று. காதுக்கு நேராக வந்து நின்றபோது மூச்சு வாங்கிற்று. அங்கேயே சற்றுநேரம் வைத்திருந்து எனக்குக் காட்டிவிட்டு, மெல்ல இறக்கினாள்.

“டாக்டரு அப்பவே சொல்லிக் குடுத்தாரு. தெனமும் செய்றன். கேசு நடக்கிறப்ப ஒண்ணும் வரல. ஆறு மாசமாத்தான் கொஞ்சம் கொஞ்சமா மேல போவுது. யாருக்கும் சொல்லல. கை கெட்டுப்போச்சுன்னு அத்தினி பேரு முன்னால சொல்லிட்டு, இப்ப நல்லா ஆவுதுன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு.”

 எத்தனையோ தீர்ப்புகளை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தம் காயத்தை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காயத்தைப் பெரிதாக்கிக் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். தேறி வருவதைக் குற்றம்போல் மறைத்துக்கொண்டு திரிந்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். அவளை அப்படித் திரிய வைத்ததில் லாரிக்கும் பங்குண்டு, நாம் நடத்தும் வழக்கு முறைக்கும் பங்குண்டு. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். வழக்கு முடிந்த அன்றே கட்சிக்காரரை உட்கார வைத்து, இனி உங்கள் உடம்பு உங்களுடையது, அது தேறினால் எவரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்புங்கள். சட்டம் தெரிந்த நமக்கு அது சொல்லத் தேவையே இல்லாத செய்தியாகத் தோன்றும். அவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பூங்காவனத்திடம் அதைச் சொன்னேன். விசாரணை அன்று இருந்ததைத்தான் அவள் சொன்னாள், அது பொய்யாகாது என்று சொன்னேன். கை எவ்வளவு மேலே போனாலும் எவரும் எதையும் திருப்பிக் கேட்க முடியாது என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொன்னபோது அவள் முகம் தெளிந்தது.

“அப்ப யாருகிட்ட வேணுமின்னாலும் சொல்லலாமா?”

“யாருகிட்ட வேணுமானாலும். முதல்ல உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லு. எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!”

அவள் சாத்திய கதவைத் திறக்கப் போனவள், தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றாள், யோசித்தாள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அவள் தலையைக் குனியாமல் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“அம்மாகிட்ட மட்டும் இப்ப வாணாம்மா. சொன்னா நாளைக்கே மாப்ள பாக்கக் கெளம்பிடும். இன்னும் கொஞ்ச நாளு இது எங்கிட்டயே இருக்கட்டும்.”